என் தங்கை ஜெயலட்சுமிக்கு நான் கட்டிய கொட்டகை

ஸ்ரீராம்புரத்தில் என் தங்கை ஜெயலட்சுமியின் அண்டாவில் வெந்த சோற்றைச் சாப்பிடாத ஆள் ஒருவர் இருந்தால், அவர் போன வாரம் குடிவந்தவராக இருக்க வேண்டும். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பதினாறாம் நாள், கோயில் அன்னதானம், எதுவானாலும் அவள் வீட்டுப் பாத்திரம்தான் போகும். ஆனால் வாடகைப் பாத்திரக்காரி என்று மட்டும் அவளைச் சொல்லிவிடக் கூடாது.

"நான் எங்க வாடகைக்கு வுடறேன்? அனுப்பி வைக்கிறேன். அது விருந்து சாப்ட்டுட்டுத் திரும்பி வருது," என்பாள்.

அவள் புருஷன் மாநகராட்சியில் தண்ணீர்க் குழாய் வேலையில் இருந்தான். அவன் செத்துப்போனபோது அவளுக்கு முப்பத்து நான்கு வயது, மகள் விஜிக்கு ஒன்பது. கையில் இருந்தது கல்யாணச் சீராக வந்த ஓர் அண்டா. அதைச் சந்துக்காரர்கள் இரவல் கேட்டார்கள், கொடுத்தாள். பிறகு தூரத்துச் சந்துக்காரர்களும் கேட்டார்கள். அவர்களிடம் காசு கேட்டாள். இன்று அவளிடம் இருநூற்றுப் பன்னிரண்டு பாத்திரங்கள். எது யார் வீட்டில் எந்தத் தேதியில் நசுங்கியது என்பது வரை அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொன்றையும் வாசலில் மூக்கருகே தூக்கி மோந்து பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவாள். போன வீட்டுக் கருவாட்டு வாடை இந்த வீட்டுப் பாயசத்துக்குள் போகக் கூடாது என்பது அவள் கொள்கை.

அந்த இருநூற்றுப் பன்னிரண்டில் மூன்று குண்டான் நான் வாங்கிக் கொடுத்தது. பெயர் வெட்டுகிறவனைக் கூப்பிட்டு, "தணிகாசலம் உபயம்" என்று அதில் பெரிதாக வெட்டவும் சொன்னேன். கொடுத்ததைக் கொடுத்தேன் என்று சொல்வதில் என்ன வெட்கம்? "மூணு குண்டான் குடுத்துட்டு முப்பது வருஷமா சொல்லிட்டிருக்கான்," என்று அவள் சொல்வது வேறு விஷயம்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கதை புரியாது. நான் மூன்றாவது வரைதான் படித்தேன். பதினோரு வயதில் சென்ட்ரிங் பலகை சுமக்கப் போனேன். கூரைக்கு காங்கிரீட் ஊற்றும்போது, அது இறுகும் வரை அடியில் பலகையும் தகடும் அடித்து, முட்டுக் கொடுத்து நிறுத்துவோமே, அதுதான் சென்ட்ரிங். இன்று மாகடி ரோட்டிலிருந்து ராஜாஜிநகர் வரை நிற்கிற வீடுகளில் பாதி, என் முட்டில் நின்று காய்ந்தவை. ஆயிரத்து இருநூறு தகடு, எண்ணூறு முட்டு, எல்லாம் வீட்டுக்குப் பின்னால் காலி மனையில் கிடக்கின்றன. வீட்டுக்கு முன்னால் ஆபீஸ். கிரானைட் தரை, கண்ணாடிக் கதவு, சுற்றுகிற நாற்காலி. மூன்றாவது படித்தவன் ஆபீஸ் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

போன வருஷம் தை மாதக் கடைசியில் ஜெயலட்சுமி அந்த ஆபீசுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். அவள் பாத்திரங்கள் எல்லாம் அவள் குடியிருக்கும் வீட்டு மாடிப்படியில்தான் அடுக்கியிருக்கும். வீட்டுக்காரர் மகன் மாடிப்படியை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறானாம். பங்குனி பிறப்பதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டான்.

வந்தவள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மூலைக்கு மூலை கண்ணாலேயே அளந்தாள்.

"அண்ணா, இங்க ஒரு நாலு அடுக்கு வச்சிக்கலாமா?"

"இது ஆபீஸு ஜெயா. பார்ட்டிங்க வந்து போற இடம்."

"எந்த பார்ட்டி? நேத்து வந்தவன் கொசுமருந்து அடிக்கிறவன்."

"உனக்குத் தெரியாது, போன்ல வருவாங்க."

"போன்ல வர்றவங்களுக்கு எதுக்குண்ணா கிரானைட்டு?"

எனக்குக் கோபம் வந்தால் நான் வாக்குக் கொடுத்துவிடுவேன்; அது என் சுபாவம். ஊருக்கு வெளியே, ஓசூர்ப் பக்கம் அத்திபெலே தாண்டி எங்கள் அப்பா வாங்கிப் போட்ட நிலம் பத்து குண்டே சும்மா கிடக்கிறது. கால் ஏக்கர் வரும். அதில் எனக்கும் அவளுக்கும் சரிபாதி. "அங்க உனக்கு ஒரு கொட்டகை கட்டித் தர்றேன். பத்தே நாள். உன் பாத்திரத்துக்கு அரண்மனை," என்றேன்.

"அத்திபெலேலருந்து அண்டாவ நான் தலையில தூக்கிட்டு வரணுமா?"

"டெம்போ எதுக்கு இருக்குது?"

அவள் யோசித்தாள். யோசிக்கக் காரணம் இருந்தது. பங்குனி உத்திரத்துக்கு முருகன் கோயிலில் ஆயிரத்து ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு. இருபத்தாறு வருஷமாக அவள் பாத்திரம்தான் அதற்குப் போகிறது. முந்தைய வருஷம் ஓர் அண்டாவில் ஈயப்பற்று விட்டுப் போய்ச் சாம்பார் ஒழுகிவிட்டது. கோயில் கமிட்டித் தலைவர் பழனிச்சாமி அப்போதே சொல்லிவிட்டார்: "ஜெயம்மா, ராஜாஜிநகர்ல ஒருத்தர் மொத்தமும் ஸ்டீல்ல வச்சிருக்காராம். நம்ம பழக்கத்துக்காகத்தான் பாக்கறேன். அடுத்த தடவை ஒரு குறை வந்தாலும் நான் ஒண்ணும் பேச முடியாது." கோயில் கைவிட்டால் சந்துகளும் கைவிடும். சாமிக்கு ஆகாத அண்டாவில் யார் வீட்டுக் கல்யாணச் சோறு வேகும்? இடமில்லாமல் பாத்திரங்களை விற்றுவிட்டால் அதுவும் முடிவுதான். அதனால் சரி என்றாள்.

என் மகன் அருண்குமார் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். ரெடிமேட் கொட்டகை ஒன்றைப் போனில் காட்டி, "அப்பா, ரெண்டு நாள்ல வந்து மாட்டிட்டுப் போயிடுவாங்க," என்றான். நான் அந்தப் போனை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தேன். ஊருக்கெல்லாம் கூரை நிறுத்தியவன் தங்கச்சிக்கு டப்பா வாங்கி வைப்பதா?

என்னிடம் முப்பது வருஷமாக இருக்கிற தச்சன் கிளெமென்ட்டைக் கூட்டிக்கொண்டு அத்திபெலே போனேன். நீலகிரி மரக் கம்பங்களை நட்டோம். பதினாறுக்குப் பன்னிரண்டு அடி. சுவருக்கு என் பழைய சென்ட்ரிங் பலகைகள். மேலே அதே பலகையைப் பரப்பி, அதன்மேல் தகரம். தரைக்குக் கடப்பாக் கல். உள்ளே மூன்று பக்கமும் அடுக்குகள். ஒன்பதாம் நாளே முடிந்தது. ஒரு நாள் மீதி.

ஒரு சின்ன விஷயம். சென்ட்ரிங் வேலையில் ஆணியை முழுசாக அடிக்க மாட்டோம். தலையை அரை அங்குலம் வெளியே விடுவோம், காங்கிரீட் காய்ந்ததும் பிடுங்க வேண்டுமே. நாற்பது ஐம்பது வருஷக் கை, கேட்குமா? கொட்டகை முழுக்க ஆணித்தலை நீட்டிக்கொண்டு நின்றது. பார்க்க வந்த விஜியின் துப்பட்டா நான்கு இடத்தில் மாட்டியது.

"மாமா, இது கொட்டகையா, முள்ளம்பன்னியா?"

"கரண்டி மாட்ட வச்சிருக்கேம்மா," என்றேன். அந்த நிமிஷம் தோன்றியதுதான், ஆனாலும் நல்ல பதில். ஜெயலட்சுமி உடனே ஒரு ஜல்லிக்கரண்டியை மாட்டிப் பார்த்தாள். நின்றது.

பத்தாம் நாள் மீதி இருந்தது என்றேனே, அந்த நாளில்தான் இன்னொரு வேலை செய்தோம். புது வேலை, மழை தாங்க வேண்டும், கரையான் ஏறக் கூடாது. ஒவ்வொரு பலகைக்கும் உள்ளும் புறமும், கூரைக்கு இரண்டு தடவை, துணியை முக்கி முக்கி வேஸ்ட் ஆயில் பூசினோம். லாரி, டிராக்டர் இன்ஜினிலிருந்து வடிக்கிற கறுப்பு எண்ணெய். காங்கிரீட் ஒட்டாமல் இருக்கப் பலகைக்கு அதைத்தான் பூசுவோம். பலகையைத் தொட்டால் எண்ணெய் பூச வேண்டும், அது எங்கள் தொழிலில் சாப்பாட்டுக்கு முன் கை கழுவுகிற மாதிரி. நானும் யோசிக்கவில்லை, கிளெமென்ட்டும் யோசிக்கவில்லை. கொட்டகை கறுகறுவென்று மின்னியது. யானை குளித்துவிட்டு நிற்கிற மாதிரி இருந்தது.

பால் காய்ச்சினபோது ஜெயலட்சுமி மூக்கைச் சுருக்கினாள். "என்னா வாடைண்ணா இது?"

"புதுசு இல்லியா, இருக்கும். ரெண்டு நாள்ல போயிடும்."

கிளெமென்ட்டைப் பார்த்தாள். அவன் ஆழமாக மூச்சை இழுத்து, "எனக்கு ஒண்ணும் தெரியலக்கா. மரவாசனை," என்றான்.

வேறு வழியில்லை. மறுநாள் மாடிப்படியை இடிக்க ஆள் வருகிறான். பாத்திரமெல்லாம் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தது. பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம், விசேஷம் எதுவும் இல்லை. பன்னிரண்டு நாள் பூட்டியே கிடந்தது. பங்குனி வெயில் தகரத்தில் அடித்தது, தகரம் பலகையைச் சுட்டது, பலகை குடித்த எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக வியர்த்தது. கீழே என் தங்கையின் அண்டாக்கள் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தன.

உத்திரத்துக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்கு டெம்போ சந்துக்குள் வந்து நின்றது. கோயிலுக்கு வேண்டிய நாற்பது பாத்திரம். வழக்கம்போல ஜெயலட்சுமி முதல் குண்டானை இறக்கி மூக்கருகே கொண்டுபோனாள். அப்படியே நின்றாள். அடுத்ததை எடுத்தாள். அதற்கடுத்ததையும்.

"அண்ணா, இங்க வா. இத மோந்து பாரு."

மோந்தேன். "ஒண்ணும் இல்லியே."

"கிளெமென்ட்டு, நீ வா."

"ஒண்ணும் இல்லக்கா. சுத்தமா இருக்குது."

அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துச் சந்துக்குள் வந்த ஆட்டோக்காரன் ஒருவன், டெம்போ வழிவிடக் காத்திருந்தவன், தலையை வெளியே நீட்டினான். "ஏனம்மா, கேரேஜ் ஹாகிதீரா?" கேரேஜ் வைத்திருக்கிறீர்களா என்று கன்னடத்தில் கேட்கிறான்!

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வீட்டுக்குள் வரும்போதெல்லாம் என் மனைவி ஜன்னலைத் திறப்பது காற்றுக்காக என்று நினைத்திருந்தேன்.

"சாயங்காலம் நாலு மணிக்குப் பழனிச்சாமி பாத்திரம் பாக்க வர்றாரு," என்றாள் ஜெயலட்சுமி. கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தேவலை. புடவையை இழுத்துச் செருகினாள். "விஜி, பெரிய அடுப்ப வெளிய போடு. சோடா உப்பு, புளி, எலுமிச்சை மூடி, இருக்கிற பொம்பளைங்க எல்லாரையும் கூப்புடு. நீங்க ரெண்டு பேரும் எதையும் தொடக்கூடாது. தண்ணி மட்டும் தூக்குங்க. குடத்துக்கு வெளிப்பக்கமாப் புடிச்சித் தூக்குங்க."

எண்ணூறு முட்டுக்கு முதலாளி நான். குழாயடிக்கும் வாசலுக்கும் அறுபத்திரண்டு நடை நடந்தேன். எண்ணினேன்.

சந்தே கொதித்தது. சுடுதண்ணீரில் சோடா உப்பைப் போட்டு ஊற்றி, புளியைத் தேய்த்து, மறுபடி ஊற்றி. பன்னிரண்டரை மணிக்கு முதல் பத்துப் பாத்திரம் வெயிலில் பளபளத்தது. ஆனால் வாடை போனதா இல்லையா? காலையிலிருந்து அதையே மோந்து மோந்து எல்லாருக்கும் மூக்கு மரத்துவிட்டது. ஒருத்தி போச்சு என்றாள், இன்னொருத்தி இருக்கு என்றாள்.

"நான் வேணா மோந்து..." என்று ஆரம்பித்தேன்.

"உன் மூக்க நீ மூணாவது படிக்கும்போதே பள்ளிக்கூடத்துல வச்சிட்டு வந்துட்ட. பேசாம இரு."

அவள் பார்வை கிளெமென்ட் பக்கம் போனது. "உம் பொண்ணு லீனா வீட்லதானே இருக்கா? எத்தினி மாசம்?"

"மூணுக்கா. ஒரே வாந்தி. கடுகு தாளிச்சா ஆகல. என்னைப் பக்கத்துலயே விடறதில்ல. வாசல்லயே குளிச்சிட்டு உள்ள வா டாடிங்குது. மசக்கைன்னு நெனச்சேன்..." சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தித் தன் சட்டையைப் பார்த்துக்கொண்டான்.

"போய்க் கூட்டிட்டு வா. இந்த ஊர்லயே இன்னைக்கு நல்ல மூக்கு அதுதான்."

லீனா வந்தாள். நிழலில் நாற்காலி, முதுகுக்குத் தலையணை, கையில் மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்த் துண்டு. நீதிபதி உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள். விஜி ஒவ்வொரு பாத்திரமாக அவள் முன்னால் சாய்த்துப் பிடித்தாள்.

"ம்... ஓகே ஆன்ட்டி."

"இது?"

"ஓகே."

"இது?"

லீனா வாயைப் பொத்திக்கொண்டு சாக்கடைப் பக்கம் ஓடினாள்.

"அத மறுபடி அடுப்புல ஏத்து!" என்று ஜெயலட்சுமி குரல் கொடுத்தாள். லீனா திரும்பி வந்து, ஒரு துண்டு மாங்காயைக் கடித்துக்கொண்டு, "நெக்ஸ்ட்," என்றாள். பாவம், அன்றைக்கு ஏழு தடவை ஓடினாள். ஏழு தடவையும் அவள் சொன்னது சரி. "தணிகாசலம் உபயம்" மூன்றும் அதில் அடக்கம். அதை விஜி வேண்டுமென்றே சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தாள்.

மூன்றரை மணிக்கு முப்பத்தெட்டு தேறிவிட்டது. சாம்பாருக்கான இரண்டு பெரிய அண்டாக்கள் மட்டும் பிடிவாதமாக நின்றன. கூரையின் நடுப்பலகைக்கு நேர் கீழே இருந்தவை. ஜெயலட்சுமி ஒரு படி அரிசியை அள்ளிப் போட்டுக் கஞ்சியாகக் காய்ச்சினாள். கொதிக்கக் கொதிக்கப் பக்கமெல்லாம் வழித்துவிட்டாள், கொட்டினாள். மறுபடி ஒரு படி. லீனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாவது கஞ்சி கொதிக்கும்போது பழனிச்சாமி வெள்ளை வேட்டியில் சந்து முனையில் தெரிந்தார்.

"என்ன ஜெயம்மா, இன்னைக்கே சமையலா?"

"சாமி காரியத்துக்குப் போற அண்டா வெறும் வயித்தோட போவக் கூடாதுங்க. முதல்ல ஒரு கஞ்சி காச்சி அனுப்பலாம்னு."

"நல்ல பழக்கமா இருக்குதே!" என்றார். இந்தப் பழக்கம் பிறந்து அரைமணிகூட ஆகவில்லை. அவர் வரிசையாகப் பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றையும் விரலால் தட்டினார். குடத்தைச் சுமந்துகொண்டு நான் அவர் பின்னால் வந்து நின்றதும் அவர் மூக்கு நின்றது. இப்படித் திரும்பினார், அப்படித் திரும்பினார்.

"ஜெயம்மா, என்னமோ டீசல் வாடை அடிக்குதே? பாத்திரத்துலயா?"

விஜி கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. இருபத்தாறு வருஷம் அந்த ஒரு கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அது பாத்திரம் இல்லீங்க," என்றாள் ஜெயலட்சுமி. "அது எங்க அண்ணன்."

பழனிச்சாமி என் தோளருகே குனிந்து ஒரு தடவை மோந்தார். நிமிர்ந்தார். "அட ஆமா!"

பொய் ஒன்றும் இல்லையே. அவர் அதற்குப் பிறகு பாத்திரத்தை மோக்கவே இல்லை. என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை சொன்னார்: "தணிகாசலம், தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு நீங்க சமையல் பக்கம் வரவேணாம். பந்தியில உக்காந்தா போதும்." வருஷா வருஷம் முதல் பந்திக்கு முதல் கரண்டி சாம்பார் ஊற்றுகிறவன் நான். ஊர் பார்க்கும். அந்த வருஷம் ஊற்றவில்லை. அவர் சந்தைத் தாண்டிய பிறகு லீனா எழுந்து, பெரிய அண்டா இரண்டுக்குள்ளும் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, பசிக்குது," என்றாள். சந்துப் பெண்கள் கை தட்டினார்கள்.

மறுநாள் ஆயிரத்து ஐந்நூறு பேர் சாப்பிட்டார்கள். எண்ணூறுக்கு மேல் மறுசாம்பார் கேட்டார்கள் என்று நான் சொல்கிறேன். கணக்கு எடுத்தவர் யாரும் இல்லாததால் மறுக்கவும் ஆள் இல்லை. நான் மூன்றாவது பந்தியில் உட்கார்ந்து, பாயசம் இரண்டு தடவை வாங்கி, வெற்றிலை போட்டுக்கொண்டு மெதுவாக வீட்டுக்கு வந்தேன்.

ஆபீஸ் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கோலம் போட்டிருந்தது. உள்ளே சுற்றுகிற நாற்காலி இல்லை. மேசை இல்லை. கிரானைட் தரை அலசிவிட்டு ஈரமாக இருந்தது. மூன்று சுவரிலும் புது இரும்பு அடுக்குகள், அதில், கோயிலில் காலியாகிக் கழுவின பாத்திரங்கள் ஒவ்வொன்றாக வந்து கவிழ்ந்துகொண்டிருந்தன. ஜெயலட்சுமி நடுவில் நின்று இடம் காட்டிக்கொண்டிருந்தாள்.

"என் ஆபீஸு எங்கே?"

"அத்திபெலேல."

"எப்ப போச்சு?"

"நீ பாயசம் சாப்பிடும்போது. டெம்போ எப்படியும் மீதி பாத்திரம் எடுக்க காலியாத்தானே போவணும்? உன் மேசை, நாற்காலி, ஒரு முந்நூறு தகடு ஏத்தி அனுப்பிட்டேன். கிளெமென்ட்டு கூடவே போனான். எண்ணெய்ச் சாமானுக்கு எண்ணெய் வீடு. ஒழுங்கா இருக்கும்."

"ஜெயா, என்னைக் கேக்காம..."

"கேட்டேனேண்ணா. தை மாசமே கேட்டேன்."

என் மனைவியைத் தேடினேன். அவள் ஏணியின் மேல் நின்று தாம்பாளம் அடுக்கிக்கொண்டிருந்தாள். கிளெமென்ட்டும் சேர்ந்துகொண்டான், என் மனைவியும் சேர்ந்துகொண்டாள். எனக்குத் தெரியாமல் இரும்பு அடுக்கு வாங்கிக் கொடுத்தது அருண்குமார். மூன்றாவது படித்தவனை ஏமாற்ற இத்தனை பேர் தேவைப்பட்டார்கள் என்பதைப் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டும்.

இப்போது என் ஆபீஸ் கொட்டகைதான். பேருந்தில் அத்திபெலே வரை போய், அங்கிருந்து நடப்பேன். இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டது, ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஒரு கரையான் கிட்டே வரவில்லை. ஓசூர்ப் பக்கம் எங்கே பார்த்தாலும் வீடு கட்டுகிறார்கள், தகடு கேட்டு நேராகக் கொட்டகைக்கே வருகிறார்கள். தொழில் கூடியிருக்கிறது. அந்தப் பக்கம் வளரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் அங்கே கட்டினேன் என்று வருகிறவர்களிடம் சொல்கிறேன். ஜெயலட்சுமி அதை மறுத்துப் பேசுவதில்லை. அவளுக்கு அதில் ஒரு லாபம் இருக்கிறது.

கூரைக்கு காங்கிரீட் போடுவதை மோல்டு என்போம். அந்த நாளில் வேலையாட்களுக்கு வீட்டுக்காரர் விருந்துச் சாப்பாடு போட வேண்டும், அது எங்கள் தொழிலில் மாறாத வழக்கம். ஐம்பது ஆள் என்றால் ஐம்பது பேருக்குச் சோறு. இது என்னுடன் பிறந்தவளுக்குத் தெரியாதா? போன ஆவணியில் ஒரு நாள் கொட்டகைக்கே வந்து, என் எதிரே உட்கார்ந்து, "அண்ணா, தகடு கேட்டு வர்றவங்க கிட்ட ஒரு வார்த்த சொல்லி வை," என்றாள். கோயிலும் கைவிடவில்லை, இப்போது அத்திபெலேயும் சேர்ந்துவிட்டது. பாத்திரம் இருநூற்று முப்பத்தெட்டு ஆகியிருக்கிறது.

நேற்று ஒருவர் போன் செய்தார். இரண்டாயிரம் சதுர அடி, இரண்டு மாடி, நல்ல பார்ட்டி. தகடு எத்தனை இருக்கிறது, முட்டு எத்தனை இருக்கிறது என்று விவரமாகக் கேட்டார். எல்லாம் இருக்கிறது என்றேன். நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "அது கெடக்கட்டும் சார். மோல்டு போடுற அன்னைக்கு எத்தினி பேருக்குச் சாப்பாடு?" என்று கேட்டேன்.